ஊறுகாய் வண்டிக்குக் கை காட்டியவள்

மாரியன், ஒஹையோ
12 அக்டோபர் 1987

அன்புள்ள வெண்டல்,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. எல்லோரும் என்றால் நானும் பூனையும். நீ எந்த ஊரில், எந்த ஷெட்டில் கிடக்கிறாயோ தெரியவில்லை. அதனால் இதை உன் மெக்கானிக் ஹாங்க் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் அண்ணனை அடக்கம் செய்த அன்று "வாரா வாரம் எழுதுறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு கார்டுகூட வரவில்லை. போகட்டும், உனக்கும் மனசு இருக்கிறதல்லவா.

நேற்று மதியம் பக்கத்து வீட்டு ஆர்லீன் போன் செய்தாள். "மார்லிஸ், இன்னிக்கு டிவி பக்கமே போகாதடி, சொல்லிட்டேன்" என்றாள். இப்படிச் சொன்னால் போகாமல் இருக்க நான் என்ன கல்லா? போட்டேன். செப்டம்பரில் இண்டியானாவில் நடந்த கார்ப் பந்தயம், உன் அண்ணனுக்குக் கடைசிப் பந்தயம். மீன்பிடிப் போட்டி, பில்லியர்ட்ஸ் எல்லாம் காட்டி முடித்து, மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில்தானே நம் பந்தயத்தைக் காட்டுவார்கள், அதுவும் ஒரு மாசம் கழித்து. போன வருஷம்வரை அதைச் சொல்லி நாம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

உன் அண்ணன் வந்தார், வெண்டல். உயிரோடு வந்தார். மைக்கை நீட்டியதும் அவசரமாகப் பச்சைத் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தொப்பி இல்லாமல் பேசினால், வண்டிக்குக் காசு கொடுக்கிற கம்பெனிக்காரன் கத்துவானே. "க்ரம்ஹோல்ட் ஊறுகாய்க்கு நன்றி சொல்லிக்கிறேன். வண்டி ஜோரா இருக்கு. நம்ம வீட்டம்மா முன்னாடி நின்னு கை காட்டினாப் போதும், கண்ண மூடிக்கிட்டே வந்துருவேன்" என்றார்.

என்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. பதினொரு வருஷம் வெயிலிலும் புகையிலும் அந்த வண்டிக்கு முன்னால் நின்றேன், "இன்னிக்கு நல்லா நின்னே" என்றுகூடச் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

நான் டிவியைப் பார்த்து, "தொப்பி கோணலா இருக்கு, சரியாப் போடுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. வண்டி ஓடுவதைக் காட்டுவதற்குள் அணைத்துவிட்டேன்.

ஊறுகாய்க் கம்பெனி துக்கத்துக்குப் பூ அனுப்பியது. கூடவே ஆறு பெட்டி வெள்ளரிக்காய் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறார்கள். இதை யார் தின்பது? எழுது.

அண்ணி,
மார்லிஸ்


டல்லஸ் அருகே
9 நவம்பர் 1987

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வெண்டல் எழுதுவது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேனாவை எடுத்தால் "அண்ணன் எப்படி இருக்கிறார்" என்றுதான் முதல் வரி வருகிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஒரு விஷயம். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் நானே சொல்கிறேன். வருகிற வருஷம் அண்ணன் இடத்தில் நான் ஓட்டப் போகிறேன். புது வண்டி, அதே பச்சை, அதே ஊறுகாய். கம்பெனி விளம்பர மேனேஜர் ப்ரென்டிஸை உங்களுக்குத் தெரியுமே, அந்த வழுக்கைத் தலையர். ஒரு வருஷத்துக்கு ஸ்பான்சர் தருகிறோம், ஆனால் டிவியில் எங்கள் பெயர் தெரிந்தாக வேண்டும் என்கிறார். "நீ தோத்தாலும் எனக்குக் கவலையில்லப்பா, கேமரா முன்னாடி தோத்துத் தொலை" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

வேறு வேலை பார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு வேறு என்ன தெரியும் அண்ணி? அண்ணன் வண்டியைத் துடைத்துத்தான் வளர்ந்தேன்.

நீங்கள் வந்து முன்னால் நிற்க வேண்டும். ஹாங்க் நின்று பார்த்தான். டயரைத் தேய்த்துப் புகை கிளப்பிவிட்டு முன்னால் போய், டயர் விட்ட அதே ரப்பர் தடத்தில் தொடக்கக் கோட்டுக்குப் பின்னோக்கி வர வேண்டுமே. அவன் கோழி விரட்டுகிற மாதிரி கையை ஆட்டுகிறான். நான் ஒரு அடி தள்ளி வந்து நிற்கிறேன். தடம் தப்பினால் டயர் பிடிக்காது என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? வருவீர்களா?

உங்கள் கொழுந்தன்,
வெண்டல்


மாரியன்
14 மார்ச் 1988

அன்புள்ள வெண்டல்,

நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாததுதான் என் பதில் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்தாய். என்னால் முடியாதப்பா. கடைசியாக அந்த வண்டியைக் கோட்டுக்குக் கூட்டிவந்தது இந்தக் கைதான். "வா, வா, கொஞ்சம் இடது, போதும்" என்று கூட்டிவந்து தடத்தில் நிறுத்திவிட்டு ஒதுங்கினேன். அதற்கப்புறம் நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும்.

பார்க்காதவர்களுக்கும் இப்போது தெரியும். இந்த வருஷம் நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு பாட்டுப் போட்டுப் படம் காட்டுகிறார்களே, பார்த்தாயா? முதலில் என் கை. பிறகு பச்சை வண்டி புகையிலிருந்து பின்னால் வருகிறது. பிறகு அந்தத் தீ. வெடித்து மேல்கூடு பறக்கிறது, "க்ரம்ஹோல்ட்" என்ற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிகிறதாம், ஆர்லீன் சொன்னாள். அதன்மேல்தான் நிகழ்ச்சியின் பெயரை எழுதுகிறார்கள்.

ஞாயிறு தவறாமல் அவரை எரிக்கிறார்கள், வெண்டல். கடையில் முட்டை வாங்கப் போனால், "நேத்து உங்க வீட்டுக்காரரப் பாத்தோம்" என்கிறார்கள். இவர்களைக் கேட்பார் இல்லையா?

நீ ஜாக்கிரதையாக ஓட்டு. கழுத்துப் பட்டையை இறுக்கிக் கட்டு. உன் அண்ணன் அதில் எப்போதும் அசட்டை.

அண்ணி,
மார்லிஸ்


அட்லாண்டா
3 மே 1988

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நல்ல செய்தி. கேட்பார் இருக்கிறார். நான் கேட்டுவிட்டேன்.

முழுதாகச் சொல்கிறேன். இந்த வருஷம் இதுவரை எல்லா ஊரிலும் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். முதல் சுற்றில் தோற்றவனை டிவியில் யார் காட்டுகிறான்? ஐந்து விநாடி ஓட்டத்துக்காக நாலு நாள் லாரி ஓட்டிப் போகிறோம், அந்த ஐந்து விநாடியையும் வெட்டிவிட்டு அந்த இடத்தில் லாரி டயர் விளம்பரம் போடுகிறார்கள். ஜெயித்தவன் பேட்டி கொடுக்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் பச்சைத் தொப்பியோடு போய் நின்றேன். கேமராக்காரன், "ஏய் ஊறுகாய், நகருப்பா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், என்ன செய்ய?

ஆனால் ப்ரென்டிஸ் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். ஏன் என்று கேட்டேன். ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுகிறாராம். எங்கள் பெயர் டிவியில் வருகிற நேரம் முழுக்க அந்தத் தொடக்கப் படத்திலிருந்துதான் வருகிறது. "ஓசில வருது, வாரா வாரம் வருது. உங்கண்ணன் மாதிரி உழைக்க ஆள் கிடைக்காதுப்பா" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை அண்ணி, சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிவிக்காரர்களிடம் போனேன். ஸ்பான்சர் எழுதிக் கேட்டால் எடுத்துவிடுகிறோம் என்றார்கள். ப்ரென்டிஸிடம், "நீங்க எழுதலைன்னா நாளையிலிருந்து அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றேன். எழுதிக் கொடுத்தார். கையோடு, ஜூலைக்கு மேல் ஸ்பான்சர் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. காட்டாத பெயருக்கு எவன் காசு கொடுப்பான்?

போனால் போகிறது. இனி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நிம்மதியாக டிவி பார்க்கலாம். அண்ணனை இனி யாரும் எரிக்க மாட்டார்கள்.

உங்கள்,
வெண்டல்


மாரியன்
23 மே 1988

வெண்டல்,

நேற்று காபி போட்டு எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு வந்தது. வேறு யாரோ ஒருத்தன் வண்டி, சிவப்பு. அதுவும் நன்றாகத்தான் ஓடியது.

உன்னை யாரப்பா எடுக்கச் சொன்னது?

கேட்பார் இல்லையா என்று எழுதினேன், வாஸ்தவம். வயிற்றெரிச்சலில் எழுதினேன். எரிக்கிறார்கள் என்று எழுதினேன், எடுத்துவிடு என்று எழுதினேனா? நீ அந்தக் கடிதத்தை ஒருமுறையாவது திருப்பிப் படித்திருக்கலாம்.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன், ஆர்லீனுக்குக்கூடத் தெரியாது. அந்தத் தீயை நான் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. என் கை வரும். வண்டி பின்னால் வரும். அது தடத்தில் வந்து சேர்கிற இடத்தில் பொத்தானை அழுத்தி டிவியை அணைத்துவிடுவேன். என் விரலுக்கு அந்த இடம் பழகிப்போயிருந்தது, பாட்டைக் கேட்டே அழுத்தும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பார்த்து வருவார், நான் வா வா என்பேன், அவர் வந்துவிடுவார். அதற்குமேல் அவர் எங்கேயும் போகவில்லை. வாரம் முழுக்க அந்தக் கோட்டிலேயே நிற்பார், நான் பாத்திரம் கழுவுவேன், துணி துவைப்பேன், அவர் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பைத்தியம் என்று நினைத்துக்கொள். ஊரெல்லாம் அவர் செத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒருத்தி மட்டும் அவர் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடுங்கிவிட்டாய். அதற்கு உன் பிழைப்பையும் விலையாகக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாய். உன்மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லாமல் செய்துவிட்டாய், பாவி.

பெட்டி ஊறுகாயைக் குப்பையில் போட்டுவிட்டேன். பிறகு போய் எடுத்துவந்தேன்.

மார்லிஸ்


கொலம்பஸ்
6 ஜூலை 1988

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு ஊர் ஓட்டினேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கேட்டாலும் படம் திரும்பி வராது. டிவிக்காரர்களிடம் மறுபடி போய் நின்றேன், "இதென்ன விளையாட்டா?" என்று விரட்டிவிட்டார்கள்.

ஸ்பான்சர் போய்விட்டது. பச்சையைச் சுரண்டி வெறும் சாம்பல் பூச்சு அடித்திருக்கிறோம். வண்டியை வாங்க ஒருவர் இருக்கிறார், ஆகஸ்டில் வந்து எடுத்துப் போவார். அதற்கு முன் ஒரே ஒரு ஓட்டம். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, சோளக்காட்டு நடுவில் இருக்கிறதே ஒரு பழைய பந்தயத் தடம், 30ஆம் தேதி சனிக்கிழமை மதியம். டிவி கிடையாது, தொப்பி கிடையாது, ஹாட்டாக் விற்கிறவரும் அவர் சொந்தக்காரர்களும்தான் இருப்பார்கள்.

வாருங்கள் அண்ணி. எனக்காக இல்லை. முன்னால் நின்று நீங்கள் யாரைக் கூப்பிட வேண்டுமோ அவரைக் கூப்பிடுங்கள். அந்தத் தடத்தில் நான் வருகிறேன்.

வெண்டல்


மாரியன்
2 ஆகஸ்ட் 1988

அன்புள்ள வெண்டல்,

சனிக்கிழமை உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஹாங்க் பின்னாலேயே ஓடி வந்தான், நிறுத்தவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

வர வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆர்லீன்தான், "போய்த் தொலையேன்டி, உங்கூட நானும் வரேன்" என்று இழுத்துவந்தாள். வந்து பார்த்தால் அந்த வண்டி சாம்பல் நிறத்தில், எழுத்தே இல்லாமல். யாருடைய வண்டியும் இல்லை அது. அதனால்தான் முன்னால் போய் நிற்க முடிந்தது.

நீ புகை கிளப்பிக்கொண்டு முன்னால் போனாய். புகை கலைவதற்கு முன்பே என் கை தானாக எழுந்துவிட்டது. நான் உன்னைக் கூப்பிடவில்லை, வெண்டல். அப்படிச் சொல்லித்தானே என்னை வரச் சொன்னாய். நான் அவரைத்தான் கூப்பிட்டேன். வா, வா, கொஞ்சம் இடது, போதும். தடத்தின்மேல் நூல் பிடித்தாற்போல் வந்து நின்றது வண்டி. நீ ஒருநாளும் அப்படி வந்ததில்லை என்று ஹாங்க் பிறகு போனில் சொன்னான்.

நான் ஒதுங்கப் போனேன். அப்போது வண்டியின் முன்கண்ணாடிக்குள் இடது கையில் இரண்டு விரல் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து, ஒரு தட்டுத் தட்டி, மறுபடி படிந்தது.

உன் அண்ணன் ஒவ்வொரு தடவையும் அதைச் செய்வார். நீ ஒதுங்கிக்கோ, இனிமே நான் பாத்துக்கிறேன் என்று அர்த்தம். முன்னால் நிற்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்திலிருந்து எடுக்கிற டிவியில் கண்ணாடிக்குள் இருப்பது தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை, உனக்கு எழுதியதுமில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்கிற விஷயம், அதை எதற்கு வெளியே சொல்ல?

விளக்கு பச்சைக்கு மாறியது. என் விரல் பொத்தானைத் தேடியது. அந்தச் சோளக்காட்டில் பொத்தானுக்கு எங்கே போவேன்? அதனால் பார்த்தேன். கடைசிவரை பார்த்தேன். வண்டி போயிற்று, கோட்டைத் தாண்டிற்று, வேகத்தைப் பிடிக்கிற பாரசூட் பின்னால் விரிந்தது, மெதுவாக நின்றது. இவ்வளவுதான். இதைத்தான் போன வருஷம் நான் பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஞாயிறும் டிவி போட்டேன். சிவப்பு வண்டிக்காரன் வந்தான். அணைக்கவில்லை, முழுக்கப் பார்த்தேன். கோட்டில் இப்போது யாரும் நிற்கவில்லை.

நவம்பரில் நன்றி சொல்லும் திருநாளுக்குச் சாப்பிட வந்துவிடு. ஹாங்க்கையும் கூட்டி வா. வான்கோழியோடு ஆறு பெட்டி ஊறுகாயும் இருக்கிறது, தின்று தீர்க்காமல் ஒருத்தரையும் விட மாட்டேன். வேலைக்கு என்ன வழி என்று அப்போது உட்கார்ந்து பேசலாம். சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசு, நான் கேட்கிறேன்.

அந்த இரண்டு விரலை மட்டும் விட்டுவிடு. எழுப்பியது நீதானா, இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். நீயும் சொல்லாதே.

உன் அண்ணி,
மார்லிஸ்