சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா

ஜூன் 4
அக்கா வீட்டுக் குக்கர் விசில் என் சமையலறையில் கேட்கிறது. நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். ஆனால் அவளைப் பார்க்க எங்கள் குடியிருப்பின் கேட்டுக்குப் போய், நெடுஞ்சாலையைப் பிடித்து, பாலத்தடியில் திரும்பி, அவள் குடியிருப்பின் கேட்டில் பெயர் எழுதிவிட்டு நுழைய வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை காரில் கொண்டுபோய் விடுவார். அவர் செத்தபிறகு கார் தூசி படிந்து கிடக்கிறது. நானும்தான்.

ஜூன் 9
வீடு வாங்கும்போது இரண்டு மனை வரைபடத்தையும் ஒட்டி வைத்துப் பார்த்தோம். அவள் தெருவும் என் தெருவும் ஒரே நேர்கோடு. "சேராம எங்கடி போகும்?" என்றாள். சேரவில்லை. இரண்டும் சுவரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. பழைய ஊரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் எங்காவது கொண்டுபோய் விடும். இங்கே ஊர் வளர வளர முட்டுச்சந்துதான் வளர்கிறது. அவளும் தனியாள். அவள் தெருவில் பாதி வீடு இன்னும் விற்கவில்லை.

ஜூன் 15
குடியிருப்போர் சங்கக் கூட்டம். சுவரில் ஓர் ஆள் நுழைகிற கதவு போதும் என்றேன்.
"இன்னிக்கு உங்க அக்கா வருவாங்க, நாளைக்கு ஊரே வரும் மேடம்," என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிஸ்கட் தின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 16
மழை. வேறொன்றுமில்லை.

ஜூன் 22
விசில் நிற்கவே இல்லை. போனை எடுக்கல. அப்புறம் தீய்ந்த வாடை. "அக்கா!"ன்னு கத்தினேன் — அந்தப் பக்கம் முனகல். ஐயோ, எப்படிப் போறது? சுவர் மேல பூரா கண்ணாடிச் சில்லு. செயலாளர்தான் ஓடி வந்தார். பக்கத்தில் கட்டுகிற வீட்டிலிருந்து கடப்பாரையைத் தூக்கி வந்து அவரே இடித்தார். நாலு போடு போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இவ்வளவு லேசான சுவரா?

ஜூன் 24
அக்காவுக்கு வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் முதல் கேள்வி: "குக்கரை யாருடி தேய்ச்சது?"

ஜூலை 11
அக்காவை வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. சாயங்காலம் கொத்தனார் சிமெண்டோடு வந்து நின்றார், செயலாளர் அனுப்பினாராம். நான் ஓட்டைக்குள் போய் நின்றுகொண்டேன். நகர மாட்டேன் என்றேன்.
"அம்மா, ஓரத்தைப் பூசத்தான் வந்தேன். நீங்க போக வர கை கிழிஞ்சிடுமாம், சார் சொன்னாரு."
அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் செத்த அன்று வராத அழுகை இன்றைக்கு வந்தது, கொத்தனார் பார்க்கப் பார்க்க.
"என்னடி சத்தம்?" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.
"ஒண்ணுமில்லக்கா. வரேன்."
நடந்தே போனேன்.