நான் அனுப்பாத பக்கம்

அக்ரான், ஒஹையோ
1986 பிப்ரவரி 24

மதிப்புக்குரிய திருமதி லூவீனியா டிப்ஸ் அம்மாவுக்கு,

அக்ரான் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த மெர்ல் ஹாஸ்கெட் எழுதுவது. பெயரைப் பார்த்ததுமே இதைக் கிழித்துப் போட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கிழிப்பதற்கு முன் இதை மட்டும் படித்துவிடுங்கள்: உங்கள் மகன் டாரன்ஸ் இனி ஓர் ஆட்டம்கூட ஆடக் கூடாது. அவனுடைய இதயத்தில் கோளாறு இருக்கிறது. அவனை நான் எங்கள் அணிக்கு எடுப்பதற்கு முந்தின நாளே அது எனக்குத் தெரியும்.

இதை நேரே உங்கள் காதில் சொல்லத்தான் நினைத்தேன். போன வாரம் உங்கள் பைன் பிளஃப் வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் நீங்கள் யாரென்று கேட்டீர்கள், நான் வைத்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வயது மனிதன் செய்கிற காரியமா இது? டாரன்ஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் அவன் இப்போது ஆடுகிற இத்தாலியிலிருந்து பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறான். நீங்கள் ஒருவர் சொன்னால்தான் கேட்பான்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அக்ரானில் ஆட்டக்காரர்களுக்குக் கட்டுப் போட்டுவந்த கஸ் பார்டோலி, வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது இத்தாலியில் தன் தகப்பனாரின் ஊரில் இருக்கிறார். டாரன்ஸ் ஆடும் ஊருக்கு அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஜனவரியில் பயிற்சியின் நடுவே டாரன்ஸ் மயங்கி விழுந்தான் என்று கஸ் எழுதியிருந்தார். வயிறு சரியில்லை என்று சொன்னானாம். போன சனிக்கிழமை மறுபடியும் விழுந்திருக்கிறான். இந்த முறை ஆட்டத்துக்கு முன்னால், ஆள்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கண் திறந்தபடியே அரை நிமிடம் கிடந்தானாம். பிறகு எழுந்து சிரித்துவிட்டு, இரண்டாம் பாதியில் இறங்கி ஆடியிருக்கிறான்.

அவனை டாக்டரிடம் போகச் சொல்லும்படி கஸ்ஸைக் கெஞ்சினேன். அவர் போய்ச் சொன்னார். என் பெயரைக் கேட்டதும் டாரன்ஸ் சொன்னானாம், "அந்தக் கிழவன் என்னை எடுத்தான், அப்புறம் வித்தான். இப்போ இருக்கிற பிழைப்பையும் கெடுக்கணுமா அவனுக்கு?" என்று. அவன்மேல் தப்பில்லை. முழு உண்மையைக் கஸ்ஸிடம்கூட நான் சொல்லவில்லை. சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். இத்தாலிய அணியின் மேலாளரிடமும் பேசினேன். "ஆள் எருது மாதிரி இருக்கான், சார்" என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

1979 மே மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அன்றைக்குக் கெளுத்தி மீன் வறுத்துக் கொடுத்தீர்கள். டாரன்ஸின் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். மர ஆலையில் பலகை தூக்கிக்கொண்டிருந்தவர், முப்பத்து நான்கு வயதில், நின்ற இடத்திலேயே சரிந்து இறந்துபோனார், வெயில் தாக்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்றீர்கள். நான் வருத்தம் சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம், கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மாலை, எங்கள் அணியின் டாக்டர் கிம்பல் என் அறைக்கு வந்தார். டாரன்ஸைப் பரிசோதித்து எழுதிய மூன்று பக்க அறிக்கையை மேசைமேல் வைத்தார். முதல் பக்கம் முழங்கால், இரண்டாவது முதுகு, மூன்றாவது இதயம். "இவனைக் கிளீவ்லாண்டு இதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, மெர்ல். இதயச் சுவர் தடிச்சிருக்கு. என்னன்னு தெரியாம இவனை ஓட விடாதே" என்றார். நாளைக்கு நாம் எடுக்காவிட்டால் நமக்கு அடுத்த அணி கொத்திக்கொண்டு போய்விடும், எடுத்த பிறகு அனுப்புகிறேன் என்றேன். ஏழடி உயரம், இருபத்தோரு வயது, அந்தக் கைகள்! இருபது வருடமாக ஆள் தேடிய எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. உங்கள் கணவர் நினைவுக்கு வந்தாரா என்று நீங்கள் கேட்கலாம். வந்தார். அந்த நினைவை அப்படியே தள்ளிவிட்டேன்.

மூன்றாவது ஆளாக டாரன்ஸை எடுத்தேன். நான்காவதாக அடுத்த அணிக்குப் போனவன் சோனி கார்வெல். அவன் உயரம் போதாது என்று விட்டவனும் நான்தான். அதற்குப் பிறகு சோனி போட்ட புள்ளிகளும் வாங்கிக் கொடுத்த கோப்பைகளும் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடிவெட்டப் போனால்கூட, "கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் ஆளை எடுத்தியா, மெர்ல்?" என்பார்கள்.

டாரன்ஸைக் கிளீவ்லாண்டுக்கு அனுப்பவே இல்லை. ஒப்பந்தம், பயிற்சி, முதல் ஆட்டம் என்று நாள் ஓடியது. கிம்பல் இரண்டு முறை நினைவுபடுத்தினார், மறு வருடம் இறந்துபோனார். அதன் பிறகு கேட்க ஆளில்லை. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் டாரன்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்குவான். ஒவ்வொரு தடவையும் நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் அதைத் தாங்கவே முடியவில்லை. அப்போதும் நான் செய்தது என்ன தெரியுமா, அம்மா? அவனை வேறு அணிக்கு மாற்றிவிட்டேன்.

அவனையும், அடுத்த இரண்டு வருடங்களில் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் எங்கள் உரிமையையும் ஸ்போக்கேன் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ராய்ஸ் மெட்காஃபை வாங்கினேன். மெட்காஃபுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. முப்பத்தோரு ஆட்டம் ஆடினான், காலில் அடிபட்டு முடங்கிவிட்டான். அந்த இரண்டு உரிமைகளை வைத்து ஸ்போக்கேன் எடுத்த இரண்டு பையன்களும் இன்றைக்கு நாடு அறிந்த ஆட்டக்காரர்கள். டாரன்ஸை ஸ்போக்கேனும் விட்டுவிட, அவன் பிழைப்புக்கு இத்தாலிக்குப் போனான். என்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். இப்போது மைத்துனருடைய டயர் கடையில் இருக்கிறேன். டயர் வாங்க வருகிறவர்களும் அதே கதையைத்தான் பேசுகிறார்கள்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான், தெரியாததையும் சொல்கிறேன். மாற்றும்போது ஸ்போக்கேன் மருத்துவ அறிக்கையைக் கேட்டது. மூன்று பக்கத்தில் இரண்டை அனுப்பினேன். அவர்கள் டாக்டர் முழங்காலை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது பக்கம் என் வீட்டில் தூண்டில் பெட்டிக்கு அடியில் இருந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரதி அல்ல, கிம்பல் கையெழுத்துப் போட்ட அசல்.

மார்ச் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே இறுதிச் சுற்று ஆட்டங்கள் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் அவனைக் கூப்பிடுங்கள். இந்தப் பக்கத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவனும் சொல்லட்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் காலில் பூட்ஸ் ஏறக் கூடாது. அம்மா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத
மெர்ல் ஹாஸ்கெட்

அக்ரான்
1986 மார்ச் 27

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நீங்கள் போனில் பேசிய பிறகு இத்தனை நாள் எழுதாமல் இருந்தது, நீங்கள் சொன்னதைச் செய்து முடித்துவிட்டு எழுத வேண்டும் என்றுதான்.

முதலில் கஸ்ஸிடமிருந்து வந்த செய்தி. நீங்கள் அவனிடம் பேசிய மறுநாளே டாரன்ஸ் போலோன்யா நகரத்து மருத்துவமனைக்குப் போனான் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கஸ் அங்கே கேட்டிருக்கிறார். டாக்டர் கஸ்ஸின் தோளில் கையை வைத்தாராம். இனி அவன் ஓடக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது. இந்த வியாதி தகப்பன் வழி வரும் என்பதால், லிட்டில் ராக்கில் தபால் பட்டுவாடா செய்கிற உங்கள் மகள் ரெனீட்டாவின் இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

அன்றைக்குப் போனில் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் திட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினீர்கள். "மிஸ்டர் ஹாஸ்கெட், என் பிள்ளையைச் சோம்பேறின்னு ரெண்டு ஊர்லயும் எழுதினாங்க. கடைசி நேரத்துல ஓட மாட்டான், தூங்குமூஞ்சின்னு. நீங்களும் படிச்சிருப்பீங்கல்ல?" என்றீர்கள். படித்தேன் என்றேன். "நான் சோம்பேறி இல்லைம்மான்னு காட்டத்தான் அவன் விடியக்காலையில எழுந்து எழுந்து ஓடினான். ஒரு வார்த்தை நீங்க வாயைத் திறந்திருந்தா அவ்வளவு ஓடியிருக்க மாட்டானே" என்றீர்கள். பதிலுக்கு நீங்கள் காத்திருக்கவில்லை. "ஊர் முழுக்கப் பேப்பர்லதானே எழுதினாங்க. பேப்பர்லயே மாத்தி எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் வக்கீலிடம் போனேன். வாயைத் திறக்காதே என்றார். என் மனைவி மார்த்தாவிடம் சொன்னேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. அடுத்த நாள் காலையில் என் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வா" என்றாள்.

பத்திரிகை அலுவலகத்தில் என்னைப் பார்த்ததும் பாதிப் பேர் சிரித்தார்கள். சோனி கார்வெலைப் பற்றி இன்னொரு பேட்டி என்று நினைத்திருப்பார்கள். டாரன்ஸைத் தூங்குமூஞ்சி என்று முதலில் எழுதிய அதே நிருபர்தான் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். என் படத்தைப் பெரிதாகவும் டாரன்ஸ் படத்தைச் சின்னதாகவும் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை, மன்னியுங்கள்.

ஸ்போக்கேன் அணி என்மேல் வழக்குப் போடும் என்கிறார்கள். போடட்டும். டயர் கடைக்கு இனி வர வேண்டாம் என்று மைத்துனர் சொல்லிவிட்டார். நியாயந்தான்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. கஸ் நேற்றுப் பேசியதற்காக. டாரன்ஸ் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறான் அம்மா. அறைக் கதவைத் திறப்பதில்லை. சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே ஆறிக் கிடக்கிறதாம். அணிக்காரர்கள் மத்தியானம் ஓய்வெடுக்கும் நேரத்தில், ஆளில்லாத மைதானத்துக்கு அவன் தனியாகப் போகிறான். கஸ் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடையைப் பார்த்தபடி நிற்கிறானாம். போடுவதில்லை, தட்டுவதும் இல்லை. ஒருநாள் கஸ்ஸிடம் கேட்டானாம், "ஓடாம நான் யாரு, கஸ்?" என்று. ஒன்பது வயதிலிருந்து அவனை ஓடச் சொல்லியே எல்லோரும் பேசியிருக்கிறோம்.

அங்கே அவனைத் தனியாக விடாதீர்கள். நீங்களே போங்கள், இல்லையென்றால் ரெனீட்டாவை அனுப்புங்கள். கஸ் ரோம் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவார், அவர் எண்ணைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரை அவனிடம் எடுக்கவே வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அவன் கண்ணில் படாமல் எரித்துவிடுங்கள். போய் அவனைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

அவன் தலை நரைக்கட்டும், அம்மா. தொந்தி போடட்டும். எழுபது வயதில் உங்கள் வீட்டு மூன்று படி ஏறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கி, வயதாகிவிட்டது என்று சலித்துக்கொள்ளட்டும்.

மெர்ல் ஹாஸ்கெட்