எட்டாவது கையெழுத்து

ஆனி 12, வியாழன்

விடியற்காலை முதல் மழை. மிளகாய் மூட்டை நாலு நனைந்துவிட்டது. குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும்.

கட்சிச் செயலாளர் வக்கீல் (இனி செ.) கடைக்கு வந்தார். சனிக்கிழமை கமிட்டி, வழக்கம்போல் என் கடை மாடியில். தேர்தலுக்கு ஆள் நிறுத்தும் விஷயம். மலைத் தொகுதிக்கு என் பெயராம்.

"அண்ணாச்சி நின்னா ஜெயிச்ச மாதிரிதான், கேட்டோ. மலையில எல்லாம் தமிழ் ஆட்களாக்கும்."

ஆசை இல்லை என்று எழுதினால் பொய். நாகர்கோவிலிலிருந்து கூடை சுமந்து வந்தவன், சட்டசபையில்!

எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து என்றேன். மத்தியானம் சரக்கு வண்டி வரும்.

போனக்காடு எஸ்டேட் மெம்பர் ஞானமுத்து வரும் நெடுமங்காடு பஸ் பன்னிரண்டரைக்குத்தான். அது திரும்பும்போதுதான் எஸ்டேட் கடைக்கு என் சரக்கே போகிறது. தெரிந்தேதான் சொன்னேன்.

ஆனி 14, சனி

மழை விட்டுவிட்டு. பத்து மணிக்கு ஏழு பேர். எல்லாம் டவுன் ஆட்கள். செங்கோட்டை, தேவிகுளம் மெம்பர்களுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததோ என்னவோ. கீழிருந்து மிளகாய் நெடி, ஆளுக்கு ஆள் தும்மல். சீக்கிரம் முடிந்தது. மலைத் தொகுதிக்கு நான், ஏகமனதாக. ஏழு பேரில் மலை ஏறிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து.

மினிட் புத்தகத்தில் தீர்மானத்துக்குக் கீழே எட்டுக் கையெழுத்து இருந்தால்தான் செல்லும். ஞானமுத்து வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றார் செ. வழக்கம்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். தேயிலை ஃபாக்டரியில் வேலை, முப்பது வயது இருக்கும். இருட்டோடு மலை இறங்கி விதுரை வரை நடை, பிறகு பஸ். காலில் அட்டை கடித்த ரத்தம். கையில் மடித்த காகிதம். யாரை நிறுத்துவது என்று எஸ்டேட் ஆட்கள் கூடிப் பேசி எழுதிக் கொடுத்ததாம்.

பேனாவை நீட்டியது நான்.

"கூட்டம் எப்போ சார்?"

"முடிஞ்சாச்சு. சாரமில்லை, அதனாலென்ன, இங்கே ஒரு ஒப்பு போடும்," என்றார் செ.

நின்றபடியே முழுக்கப் படித்தார். "பத்து மணிக்கு நான் வந்ததா எழுதியிருக்கு?"

"அது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான்."

"எங்க எஸ்டேட்டுல காலையில ஆள் எடுக்கிறப்போ நிக்காதவனுக்குப் பேர் போட மாட்டான் சார். இன்னிக்கு எனக்குப் பேரும் கிடையாது, கூலியும் கிடையாது. இங்க வராதவனுக்குப் பேர் போட்டு வச்சிருக்கீங்களே."

ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். ஞானமுத்து என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி நிக்கிறதா இருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். பஸ் போய்விடும் என்றார்.

ஆனி 15, ஞாயிறு

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ரேஷன் அரிசியில் கல். சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஒங்க தம்பி ஒங்களக் கேக்காம ஊர் வீட்டுக்கு வெலை பேசினாரே, அன்னைக்கு நீங்க என்ன ஆட்டம் ஆடினிய?"

"அதுவும் இதுவும் ஒண்ணாட்டீ?"

"எனக்கென்ன தெரியும்? சோறு ஆறுது, தின்னுங்க."

ஆனி 17, செவ்வாய்

தூறல். முதுகுவலி. செ. வந்தார். மினிட் புத்தகம் என் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது.

"ஞானமுத்துவோட பழைய ஒப்பு உண்டல்லோ. அதைப் பார்த்து நீங்களே ஒண்ணு போட்டுடுங்கோ அண்ணாச்சி. நாளைக்கு ஆள் அனுப்பறேன்."

"கேட்டா?"

"யாரு கேக்கப் போறா? கேக்கணும்னா மலையிலேருந்து இறங்கி வரணுமே!"

அவர் போன பின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். எல்லாக் கூட்டத்திலும் கடைசிக் கையெழுத்து அவருடையது. ஓரத்தில், நெருக்கி. ஒவ்வொரு தடவையும் பேனா கொடுத்தது நான்.

துண்டுச் சீட்டின் பின்னால் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவை அச்சு அசலாக வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் பயமாக இருந்தது. சீட்டை அடுப்பில் போட்டேன்.

ஆனி 18, புதன்

வெயில். மூட்டைகளைப் பிரித்துக் காயப்போட்டாயிற்று.

செ.யின் குமஸ்தா புத்தகத்துக்கு வந்தார். அவரை உட்காரவைத்துவிட்டு எட்டாவது வரியில் என் எழுத்திலேயே எழுதினேன்: 'ஞானமுத்து, போனக்காடு. வந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. கூட்டம் முடிந்திருந்தது.' மை காய்ந்ததும் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் செ. தானே ஓடி வந்தார். "அண்ணாச்சிக்கு என்ன பிராந்தா, பைத்தியமா? உங்க பேரை நீங்களே வெட்டிட்டேளே!"

தீர்மானம் செல்லாது. மறுபடி கமிட்டி கூட்ட வேண்டும். மாடி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், நெடுமங்காடு பஸ் வந்த பிறகுதான் கதவு திறக்கும் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஞானமுத்துவுக்குக் கடிதம் எழுதி எஸ்டேட் கடைச் சரக்கோடு அனுப்பினேன். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லி. அதில் யார் பெயர் என்று அன்றைக்கு எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.