பஸ் வரும்வரை திறந்திருக்கும் அறை

இன்று காலை, நாகப்பாம்பைப் பதப்படுத்தி வைத்திருக்கும் ஜாடியில் ஃபார்மலின் மாற்றினேன். மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. உன் புடவையில் எப்போதும் இருந்த நெடி. பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் சாப்பாட்டுப் பைக்கும் ஏறிவிடும். அப்போது முகம் சுளிப்பேன். இப்போது அந்த நெடிக்காகவே அறையில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

நீ விலங்கியல் ஆசிரியை, நான் தாவரவியல். நம் கல்லூரி வாசலில்தான் மானாம்பதி பஸ் நிற்கும். பரீட்சைக்கு மட்டும் திறக்கும் உன் துறை அருங்காட்சியகத்தை எல்லோருக்குமாகத் திறந்தவள் நீதான். வெயிலில் நிற்பவர்களை வாசலில் நின்று கூப்பிடுவாய்: "பஸ் வர நேரம் கீது. உள்ள வந்து பாம்பு பாத்துட்டுப் போங்க." கைக்குழந்தையும் மூட்டையுமாக வருவார்கள். "உன் காஞ்ச இலையப் பாக்க யாருடி வருவா?" என்று என்னைச் சீண்டுவாய்.

மானாம்பதியில் கூலி வேலை செய்யும் செல்வி, நாகத்தின் ஜாடிக்குக் குங்குமப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். நான் துணியோடு போனேன். "துடைக்காத. பொட்டு வெச்சவ மறுபடி வருவா. பக்கத்து ஜாடியையும் பாப்பா" என்றாய். பக்கத்தில் கட்டுவிரியன். கடித்தால் வலி தெரியாது, அதுதான் ஆபத்து என்று அவள் வந்தபோதெல்லாம் சொன்னாய்.

நீ கண்மூடிய பிறகு, அந்த அறையை ஸ்மார்ட் வகுப்பாக்கி ஜாடிகளை மாடிப்படிக்கு அடியில் போட முடிவெடுத்தார் முதல்வர். "அதை யார் பார்க்கிறார்கள்?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிர்வாகக் குழு அறையைப் பார்க்க வந்த அன்று, செல்வியையும் அவள் கணவரையும் வரச்சொன்னேன்.

கணவர் கட்டுவிரியன் ஜாடிக்குப் பக்கத்தில் நின்று தன் காலைக் காட்டினார். "அறுப்புல இங்கதான் கடிச்சிது. தடமே இல்ல பாருங்க சார். எறும்புன்னு வுட்டுட்டேன். வரப்புல போன பாம்பப் பாத்துட்டு, காலேஜுல கீற பாம்பு இதான்னு இவதான் ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போனா."

"டீச்சரம்மா சொல்லிக்கினே இருப்பாங்க" என்றாள் செல்வி. "இத்த எடுத்துட்டா எங்க புள்ளைங்களுக்கு யாரு காட்டுவாங்க?"

நீ சொன்னதால் அவர் பிழைத்தது உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாயே என்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

கல்லூரிச் சொத்து மாணவர்களுக்குத்தானே என்று குழுவில் ஒருவர் கேட்டார். "இந்த ஊர் வயலில் கிடைத்த பாம்பு சார். இந்த ஊர் பார்க்கட்டும்" என்றேன். இந்த வருடம் அறையை எடுக்கவில்லை. அடுத்த வருடமும் கேட்பார்கள். அப்போதும் நான் வழிவிடப் போவதில்லை.

ஜாடியைத் துடைத்ததில் பொட்டு அழிந்துவிட்டது. செல்வி வந்து வைக்கட்டும் என்று ஒரு குங்குமச் சிமிழ் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே என்னை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

பஸ்ஸுக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், வாசலுக்குப் போக வேண்டும். உன் அளவுக்கு என் குரல் எடுபடாது. ஆனாலும் கூப்பிடுகிறேன், வருகிறார்கள்.