ஓடிப்போனவர் இல்லை

இன்று மழை பிடித்துக்கொண்டதும் உன் மழைக்கோட்டை எடுத்து மாட்டினேன். உன் மனைவி கொடுத்தது. பையில் ஓர் இருமல் மிட்டாய், உருகித் தாளோடு ஒட்டிக் கிடந்தது. அந்த வாசனைக்குக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டவன் நீ. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவில் செத்து, வீட்டுக்குச் சேதிகூட வராமல் போன நம் ஊர்க்காரர்கள். அவர்கள் குடும்பங்களைத் தேடி உன் ஸ்கூட்டரில் எத்தனை தெரு சுற்றினோம். பாதி வீடுகளை இடித்துக் கட்டிவிட்டார்கள். மீதியில், "அப்படி யாரும் இல்லீங்க" என்று கதவைச் சாத்தினார்கள். எனக்கு அப்போதே அலுத்துவிட்டது. உனக்குத் தொண்டைதான் கெட்டது.

தவளக்குப்பத்துக்கு உள்ளே அந்த அம்மாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வியட்நாமில் இருக்கும் அவர் அப்பாவின் கல்லறைப் படத்தை நீட்டினாய். கீரையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"சொல்தாவா, பட்டாளத்துக்குப் போனவரு அங்கியே ஒருத்தியைச் சேத்துக்கிட்டு ஓடிட்டாருன்னாங்க. சாவற வரைக்கும் எங்கம்மா குழாயடியில அந்தப் பேச்சைத்தான் கேட்டுச்சு."

"இல்லம்மா. சண்டையில செத்தாரு."

"எங்கிட்ட சொன்னா பத்தாது சார். தெருவுல நின்னு சொல்லிட்டுப் போங்க."

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குக் குரலே எழும்பாது. "நான் சொல்லட்டுமா?" என்றேன். கையால் தடுத்தாய். வெயிலில் நடுத்தெருவுக்குப் போய் அவர் பெயரைச் சொல்லி, "அவரு ஓடிப்போகல, சண்டையில செத்தாரு" என்று இரண்டு பக்கமும் திரும்பிச் சொன்னாய். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திரும்பி வருகையில் எச்சில் விழுங்க முடியாமல் தவித்தாய்.

அந்த வருஷமே போய்விட்டாய்.

போன வாரம் நம் ஊர் மேட்டுப்பாளையத்தில், கம்பெனி வாசலில் ஒருவரைப் பார்த்து அவர் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். "அதுக்கு நான் இப்ப என்ன பண்ணணும்?" என்றார். கோபமில்லை, ஷிப்ட் முடிந்த களைப்பு. "அவரு பேரை ஒருதரம் சொல்லுங்க, போதும்" என்றேன். நான் நீட்டிய கல்லறைப் படத்தில் இருந்த பிரெஞ்சு எழுத்தைக் கூட்டிப் படித்து, தடுமாறிச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, இன்னொரு தரம் சரியாகச் சொன்னார்.

முட்டி வலிக்கிறது. பல நாள் கிளம்பவே மனசு வருவதில்லை. ஆனால் ஒருவருக்குச் சேர வேண்டிய சேதியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியாத இந்தத் தொல்லையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். நாளைக்கு லாஸ்பேட்டையில் ஒரு வீடு.