போர்வையின் பின்பக்கம்

அடைக்கல மாதா துணை

வரதராசன்பேட்டை
20.2.1977

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மனைவி மரிய புஷ்பம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் அத்தையும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. ஏன் என்று படித்துக்கொண்டே வாருங்கள், தெரியும்.

பாப்பாவுக்குக் கழுத்து நின்றுவிட்டது. குப்புற விழுந்துவிட்டு, நிமிரத் தெரியாமல் அழுது தெருவையே கூட்டுகிறாள். கோபத்தில் அப்படியே நீங்கள்தான். கொல்லையில் முந்திரி பூத்திருக்கிறது. பனி ஜாஸ்தியாக இருக்கிறது, பூ கருகிவிடுமோ என்று அத்தைக்குக் கவலை. ஞாயிறு பூசை முடிந்தால் போதும், பங்குச்சாமியார் என்னைப் பிடித்து நிறுத்தி ஞானஸ்நானம் எப்போது என்று கேட்கிறார். அப்பா வரட்டும் சாமி என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. நீங்களானால் லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பிள்ளைக்குத் தைத்த போர்வை வந்து சேர்ந்தது. உங்களோடு பட்டாளத்தில் லாரி ஓட்டுகிற உடையார்பாளையத்து ராசாங்கம் அண்ணன், லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். காப்பி போடுகிறேன் என்றேன். நிற்கவே இல்லை. நீங்கள் நன்றாக இருப்பதாகத் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். என்ன மனுஷன், ஒரு வாய் காப்பிக்குக்கூட மரியாதை இல்லையா என்று நான் அவரைத் திட்டினேன்.

பிரித்துப் பார்த்தால், என் பச்சைப் புடவை! விரித்துப் படுக்க என்று நீங்கள் எடுத்துக்கொண்டு போனது. அதோடு உங்கள் பழைய சட்டை, வேட்டி எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டு, நடுவில் கம்பளி வைத்து, வரி வரியாகத் தைத்திருந்தீர்கள். அத்தை அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார்கள். லாரிக்காரருக்கு ஊசி பிடிக்க வருகிறது பாருங்கள் என்று நான் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பின்பக்கத்தைத் திருப்பினதும் பெருமை இறங்கிவிட்டது. பாதி வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் ஒரே சுருக்கம். துணி அங்கங்கே மடிந்து, மடிப்போடு சேர்த்துத் தைத்திருந்தது. நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. அதில் பாப்பாவின் கால் விரல் சிக்கிக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அக்கா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவசரக்காரர், பாதியில் பொறுமை போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே பிரிக்க உட்கார்ந்தேன்.

பாயில் விரித்து, ஒரு மூலைக்கு அம்மிக் குழவி, ஒரு மூலைக்குப் படி என்று பாரம் வைத்து, சுருங்கின வரிகளை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் நெம்பிப் பிரித்தேன். அப்போதுதான் பார்த்தேன். நல்ல பாதியில் முடிச்சுகளெல்லாம் ஒரே ஓரமாக இருந்தன. சுருங்கின பாதியில் எல்லாம் எதிர் ஓரம். நானோ அத்தையோ தைத்தால் வலது கைப் பக்கம் முடிச்சுப் போட்டு இடது பக்கமாகப் போவோம். அமிர்தவல்லி அக்கா இடது கைக்காரி. அவர்கள் தைத்தால்தான் இப்படி எதிரில் தொடங்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்த சந்தேகம் வேறு. அந்தப் பக்கம் எவளோ ஒரு இடது கைக்காரி இவருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், வரட்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன். சிரிக்காதீர்கள். ஆனால் முடிச்சு உங்கள் முடிச்சு. நூலை நாலு சுற்றுச் சுற்றி மிளகு மாதிரி முடிச்சுப் போட இந்த உலகத்தில் உங்களைத் தவிர யாரும் இல்லை. இரண்டு பாதியிலும் அதே முடிச்சு. பின்பாதியில் மட்டும் தளர்ந்து, பல்லால் கடித்து இழுத்தது மாதிரி நூல் நைந்திருந்தது.

துணி ஏன் சுருங்கும் மச்சான்? ஒரு கை தைக்கும்போது இன்னொரு கை துணியை நீவிப் பிடிக்காவிட்டால் சுருங்கும். அது எனக்கு விளங்கினதும் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கடைசியாக வந்த கடிதங்கள் வேறு யாரோ எழுதினவை. விரலில் நகச்சுத்து, அதனால் சிநேகிதரை எழுதச் சொன்னேன் என்று இருந்தது. நானும் பைத்தியக்காரி மாதிரி, எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்ளுங்கள் என்று பக்குவம் எழுதினேன். அதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அப்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உடையார்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். ராசாங்கம் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். நானே எழுதிக்கிறேன்னு சொல்லியிருந்தாருங்க என்று மழுப்பினார். எதுவரைக்கும் போச்சு அண்ணே, அதை மட்டும் சொல்லுங்க என்றேன். அவர் தன் வலது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். லாரி சரிவில் உருண்டது, கூட உட்கார்ந்திருந்த பையன் பிழைத்தது எல்லாம் அதற்கப்புறம்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி எவ்வளவோ நாளாகிறதாம். நீங்கள்தான் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று அங்கேயே கிடக்கிறீர்களாம்.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் வழி நெடுக மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். கையை மறைத்தது சரி, என்னை என்னவென்று நினைத்தீர்கள்? வலது கைக்கா நான் மாலை போட்டேன்?

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்குத் தெரியாது. அத்தை மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் ரொம்ப நேரம் அழுதார்கள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உசுரோட இருக்கான்ல? வரச் சொல்லு புள்ள" என்றார்கள்.

போர்வையைச் சரிசெய்துவிட்டேன். நீங்கள் ஒரு கையால் தைத்தது என்று பொட்டியில் வைத்துக் கும்பிடப்போவதில்லை. பிள்ளைக்கு விரல் சிக்குகிறது. தண்ணீர் தெளித்து நீவி, சுருக்கம் எல்லாம் எடுத்து, பின்பாதி முழுக்க நானே தைத்தேன். இப்போது அதில்தான் தூங்குகிறாள்.

லாரி ஓட்ட முடியாதே, பிழைப்புக்கு என்ன செய்வோம் என்ற யோசனையா? யோசிக்க வேண்டியதுதான். அதை இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். அங்கே படுத்துக்கொண்டு தனியாக யோசிக்க வேண்டாம். இனிமேல் அந்தச் சிநேகிதர் எனக்கு எழுதக் கூடாது. நீங்களே இடது கையால் எழுதுங்கள். எந்த ரயில், எந்தத் தேதி என்று மட்டும் போட்டால் போதும். எவ்வளவு கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன்.

ராசாங்கம் அண்ணன் கடைசியாக ஒன்று சொன்னார். பாப்பாவை நான் எப்படித் தூக்குவேன் என்று அவரிடம் கேட்டீர்களாம். எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

மச்சான், நானும் நாள் முழுக்க அவளை ஒரு கையால்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். இன்னொரு கையில் குடமோ கரண்டியோ இருக்கும். எந்த வீட்டிலும் பிள்ளையை அப்படித்தான் தூக்குகிறார்கள். இப்போது இவள் பூ மாதிரி இருக்கிறாள், ஒரு கையே அதிகம். நாள் தள்ளிக்கொண்டே போனால் கனத்துப்போவாள். அதற்குள் வந்துவிடுங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
புஷ்பம்