தேநீரில் கரையாத கேக்

12 ஒக்டோபர் 1985, சனி. வைலே, டென்மார்க்.

அம்மாவின் கேக் ஏன் எப்போதும் இறுகியிருந்தது என்பது எனக்குத் தெரிந்துவிட்டதை அண்ணையிடம் இன்று சொல்லவில்லை.

மாவைப் போட்ட பிறகு அடிக்கக் கூடாது, மரக்கரண்டியால் மெல்ல மடித்துக் கலக்க வேண்டும் என்று மேல்வீட்டு இங்கர் போன கிழமை காட்டித் தந்தார். அம்மாவோ மாவைப் போட்ட பிறகும் அரைமணி நேரம் ஒரே பக்கமாக அடிப்பார். பக்கம் மாறினால் கலவை திரைந்துவிடுமாம்.

இன்று அண்ணையின் பிறந்தநாளுக்கு இங்கர் சொன்னபடி செய்தேன். பஞ்சுபோல வந்தது. அண்ணை ஒரு துண்டைத் தேநீரில் தோய்த்தார். அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"நல்லாத்தான் இருக்கு. கடையில வாங்கினனியோ?"

"இல்லை அண்ணை, நான்தான் செய்தனான்."

"அம்மான்ரை கேக் எண்டால் தேத்தண்ணிக்கு நிண்டு பிடிக்கும். அதைக் கடிச்சு வளந்த பல்லடி இது."

சிரித்தார். பிறகு கோப்பைக்குள் விழுந்ததைக் கரண்டியால் துழாவினார். ஆவணிக்குப் பிறகு ஊரில் இருக்கும் அம்மாவிடமிருந்து கடிதம் வரவில்லை.

பின்னேரம் மறுபடியும் பட்டரும் சீனியும் எடுத்தேன். மாவைப் போட்டபின் கை நோக, ஒரே பக்கமாக அடித்தேன். கேக் இறுகித்தான் வந்தது. அண்ணை மூன்று துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிட்டார். நாலாவதைக் கடதாசியில் சுற்றி வேலைப் பைக்குள் வைத்தார்.